புகைபோக்கி இருந்த இடம்

ஜூலை 9

பாப்பா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துகிறாய். கடிதத்தை என்ன செய்வாய் என்று பார்க்கிறேன். கிழித்துப் போடலாம். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரியாவது படிக்காமல் உன்னால் இருக்க முடியாது. சின்ன வயதில் என் பையைக் குடைந்து எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் எனக்கு முன்னால் படித்தவள் நீ.

மிளகின் உடலை எடுத்துப் போன அன்று நான் வந்திருந்தேன். "அவளை உள்ள விடாதீங்க" என்று நீ மாடியிலிருந்து கத்தியது தெருவுக்கே கேட்டது. எதிரில் இருந்த மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டேன். வண்டி என்னைத் தாண்டிப் போகும்போது கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உட்காருங்க, சொந்தமா?" என்றார். தலையை ஆட்டினேன்.

உன் மகளுக்கு மிளகு என்று பேர் வைத்தது நான். கையளவு உடம்பு, அவ்வளவு காரம். வளர்ந்து வாசல்படியில் தலை இடிக்கிற உயரம் வந்த பிறகும் அந்தப் பேர்தான் நின்றது. கல்லூரிக்கு என்று என் வீட்டுக்கு வந்தவள், வேலை கிடைத்த பிறகும் இங்கேயே இருந்தாள். வாரக் கடைசியில் உன்னிடம் வருவாள். வாரம் முழுக்க என் உயிரை வாங்குவாள். பாத்ரூமில் பாட்டு, சோபாவில் ஈரத் துண்டு, என் சீப்பில் அவள் முடி. அந்தச் சீப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. என்னால் அதை எடுத்துத் தலைவார முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. நடப்பார், ஆனால் பழையபடி நடக்க மாட்டார் என்கிறார்கள். அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவே முடியாதவர் எங்கே ஓடிவிடுவார் என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை. இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

வீட்டில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டேன். நானாக மூடவில்லை. அந்த வாரமே பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து குழந்தைகளின் பையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் போனார்கள். கூடத்தில் சின்னச் சின்னப் பாய்கள் சுருட்டியபடி கிடக்கின்றன.

எனக்கு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை பாப்பா. நான் அந்த ரயிலை ஓட்டியவரின் மனைவி. எனக்கு ஏது துக்கம் என்று நினைக்கிறார்கள். நீயாவது ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா


ஜூலை 17

திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு மட்டும் பதில் எழுது. உன் வீட்டுச் சீப்பும் பாயும் எனக்கு வேண்டாம்.

முதல் நாள் தண்டவாளம் உடைந்தது என்றார்கள். அடுத்த நாள் யாரோ ஆணியைக் கழற்றிவிட்டார்கள், சதி என்றார்கள். பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்டவாளம் உடைந்ததாகவே இருக்கட்டும் என்று சுவரைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். மகளைப் பறிகொடுத்துவிட்டு, இரும்பு உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பைத்தியக்காரி நான். ஏன் வேண்டினேன் என்று உனக்குத் தெரியும்.

இப்போது எஞ்சினில் இருந்த பதிவுக் கருவியைத் திறந்து பார்த்துவிட்டார்கள். தண்டவாளம் நன்றாக இருந்தது. பிரேக் நன்றாக இருந்தது. ஐம்பதில் போக வேண்டிய வளைவில் வண்டி நூற்றிருபதில் போயிருக்கிறது. நடுவில் வேகம் குறையவே இல்லை. உன் புருஷன் குடித்திருக்கவில்லை, போன் பேசவில்லை, தூங்கவும் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் படித்தபோது எனக்கு வந்த கோபம் அவர் குடித்திருந்தால்கூட வந்திருக்காது.

வண்டி தாமதமாகக் கிளம்பியது என்கிறார்கள். மிளகு அந்த வண்டியில் இருப்பது அவருக்குத் தெரியுமா? சீக்கிரம் போகலாம் என்று அவள் ஏதாவது சொன்னாளா? அவளுக்காக அவர் விரட்டினாரா? இதை நினைத்து நினைத்து நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

அவளை முன் பெட்டியில் ஏறச் சொன்னது நீதான். "பெரியப்பா ஓட்டுற வண்டி, முன்னாடியே ஏறிக்கோ, இறங்கும்போது கைகாட்டிட்டுப் போவார்" என்று நீ சொன்னதாக அவளே எனக்கு ஸ்டேஷனிலிருந்து போன் பண்ணிச் சிரித்தாள்.

பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.


ஜூலை 24

பாப்பா,

நீ கேட்டதற்குப் பதில் முதலில்.

அவருக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் அவள் எஞ்சின் கதவைத் தட்டி ஒரு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, "பெரியப்பா, மெதுவாவே போங்க. எனக்கு இன்னும் தூக்கம் பாக்கி இருக்கு. வீட்டுக்குப் போனா அம்மா துணி மடிக்கச் சொல்லுவாங்க" என்றாளாம். இதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அவள் அவசரப்படுத்தவில்லை. அவரும் விரட்டவில்லை. வளைவுக்கு முன்னால் வரும் நேர்ப்பாதையில் நூற்றிருபது அனுமதிக்கப்பட்ட வேகம்தான். உன் மனதிலிருந்து அந்த ஒரு முள்ளையாவது எடுத்துப் போடு.

போன செவ்வாய்க்கிழமை முதன்முதலாக வாய் திறந்தார். நான் அவர் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். "புகைபோக்கி எங்கடி போச்சு?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். உனக்குப் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

அந்த வளைவுக்கு முன்னால் மூடிப்போன ஒரு பழைய மில் இருந்தது. அதன் புகைபோக்கி எவ்வளவு மழையிலும் தெரியும். அது கண்ணில் பட்டதும் பிரேக்கில் கை வைக்க வேண்டும். அந்தத் தடத்தில் ஓட்டுகிற எல்லோருடைய பழக்கமும் அதுதான். பாதையோரம் மஞ்சள் பலகை ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது முழங்கால் உயரம். புகைபோக்கி இருக்கும்போது அதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? புதிதாக வேலைக்கு வருகிறவருக்குக்கூட மூத்தவர் புகைபோக்கியைத்தான் காட்டுவாராம். முன்பெல்லாம் அந்தப் பாதையில் வேகமே குறைவு, கொஞ்சம் தவறினாலும் சமாளிக்கலாம். புதுத் தண்டவாளம் போட்டு வேகத்தை ஏற்றினார்கள். வளைவு மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதே, அப்போது அவர் லீவில் இருந்தார் அல்லவா? "அக்காவைத் தனியா விடாதீங்க அத்தான், லீவு போடுங்க" என்று நீதான் அவரை விரட்டினாய். அந்த நாட்களில் மில்லை இடித்துவிட்டார்கள். புகைபோக்கியும் போயிற்று. மற்ற ஓட்டுநர்கள் ஓய்வறையில் டீ குடிக்கும்போது, "புகைபோக்கி போச்சுப்பா, இனிமே தகரக் கொட்டகையைப் பாத்துக்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். இவர் அங்கே இல்லை. வீட்டில் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து முதல் நாள் அதுதான். மழை. புகைபோக்கி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இன்னும் வரவில்லை, இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் பாப்பா. அவ்வளவுதான் நடந்தது.

அவரோடு வண்டி ஓட்டுகிற சிநேகிதர், நாம் மீசை என்று கூப்பிடுவோமே, அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதார். "நான் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கணும் அண்ணி" என்றார். ஆனால் விசாரணையில் சொல்வீர்களா என்று கேட்டால், தரையைப் பார்க்கிறார். பலகையைப் பார்க்காமல் ஓட்டினோம் என்று ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம்.

இப்போது நான் கேட்பதைக் கோபப்படாமல் படி. செப்டம்பரில் பொது விசாரணை நடக்கிறது. இறந்தவர்களின் குடும்பத்தார் எழுந்து கேள்வி கேட்கலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. உனக்கு இருக்கிறது. புகைபோக்கியைப் பற்றி நீ கேள். வேறு யார் கேட்டாலும் சாக்குச் சொல்கிறார்கள் என்பார்கள். பெற்றவள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்காவிட்டால் எல்லாப் பழியும் அவர் தலையில்தான். அவர் மிச்ச நாளை ஜெயிலில் கழிப்பார்.

உன் அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

உன் புருஷனுக்கு வக்காலத்து வாங்க என்னைக் கூப்பிடுகிறாய். என்னை! உனக்கு எவ்வளவு துணிச்சல்!

அடையாளம் காட்ட என்னை எங்கே கூட்டிப் போனார்கள் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம். பந்தடிக்கப் போட்ட கோடுகள் தரையில் அப்படியே இருந்தன. அந்தக் கோடுகளுக்கு நடுவில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நான் நர்ஸ். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். என் பெண்ணை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கால் விரலைப் பார்த்துச் சொன்னேன். நகத்தில் பச்சைப் பூச்சு. உன் வீட்டில் உட்கார்ந்து பூசியதுதானே அது?

பலகை இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். நானும் பேப்பரில் படம் பார்த்தேன். மஞ்சளாக, பளிச்சென்று நிற்கிறது. சம்பளம் வாங்குகிறவன் பலகையைப் பார்க்க வேண்டும். வானத்தைப் பார்க்கக் கூடாது. அந்த ரயிலில் ஏறினவர்கள் யாரும் புகைபோக்கியை நம்பி ஏறவில்லை.

என்ன சாமர்த்தியமாக எழுதுகிறாய்! லீவு போடச் சொன்னது நான், கஞ்சி குடித்தது நீ, மில்லை இடித்தது எவனோ. எல்லோரும் குற்றவாளி, உன் புருஷனைத் தவிர. நல்லவேளை, ஆரஞ்சு கொடுத்ததற்காக மிளகின் மேல் பழி போடாமல் விட்டாய்.

விசாரணைக்கு நான் போவேன். கட்டாயம் போவேன். முன்வரிசையில் உட்கார்ந்து, "நான்தான் கொன்றேன்" என்று அவர் வாயால் சொல்வதைக் கேட்பேன். அதற்காகத்தான் காலையில் எழுந்து பல் விளக்குகிறேன்.


ஆகஸ்ட் 10

பாப்பா,

நீ எழுதியதில் ஒன்று நியாயம். லீவு விஷயத்தில் உன் பேரை நான் இழுத்திருக்கக் கூடாது. எழுதும்போது அது குத்தும் என்று தோன்றவில்லை. மன்னித்துவிடு.

மற்றதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இதுவரை பொறுத்தது போதும்.

அந்தப் பச்சைப் பூச்சு என் வீட்டுக் கூடத்தில் பூசியதுதான். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து, "எனக்கு, எனக்கு" என்று கையை நீட்டினார்கள். அத்தனை பேருக்கும் சுண்டு விரலில் ஒரு சொட்டு வைத்தாள். மாலையில் நான்தான் எல்லா அம்மாக்களிடமும் பாட்டு வாங்கினேன். பாட்டிலை நீட்டிக்கொண்டு என் காலையும் கேட்டாள். "போடி, கிழவிக்குப் பச்சை ஒண்ணுதான் குறைச்சல்" என்று விரட்டினேன். இப்போது உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன், உனக்கு என்ன தெரியும்?

குழந்தை செத்தால் உனக்குத் தாய் என்று பேர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கிறார்கள். மந்திரி வந்து கும்பிடுகிறார். எனக்கு என்ன பேர்? அவள் என் வயிற்றில் பிறக்கவில்லை. ஜுரம் வந்தபோது யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, வேலை கிடைக்காமல் குமைந்தபோது யாரிடம் எரிந்து விழுந்தாள், முதல் சம்பளத்தில் யாருக்குச் செருப்பு வாங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. உன்னிடம் பங்கு கேட்டு நான் வரவில்லை. ஆனால் எனக்கு ஒன்றுமே போகவில்லை என்பது போல நீ எழுதாதே.

நீ ஆசைப்பட்டது நடக்கும். கவலைப்படாதே. விசாரணையில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று வக்கீல் வந்து இவரிடம் கேட்டார். "பலகை இருந்தது. நான் பார்க்கலை. வேற ஒண்ணும் இல்லை" என்றார். புகைபோக்கியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் கேட்கிறார். ஏன் என்று சண்டை போட்டேன். "மிளகு போயிட்டா. இப்ப நான் உட்கார்ந்து செங்கலைப் பத்திப் பேசவா?" என்றார்.

இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். எனக்கு உன்னை விட்டால் சொல்ல ஆள் இல்லை. நம் நிலைமையைப் பார்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் கடிகாரச் சத்தம் கேட்கிறது. வார்டில் சர்க்கரை நோய்க்காரர் ஒருவர், பெரியவர், கலகலவென்று பேசுவார். காலையில் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். பத்து யூனிட். மருந்தை இழுத்தேன், குமிழியைத் தட்டினேன், படுக்கை எண்ணைப் பார்த்தேன், எல்லாம் முறைப்படி. எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி மருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போடுகிறவள் இன்னொருத்தியிடம் காட்டாமல் போடக் கூடாது. என்னோடு டியூட்டியில் இருப்பவள் ஒரு வாயாடி. ஏதோ கதை சொல்லிக்கொண்டே ஊசியை வாங்கிப் பார்த்தாள். கதை நின்றுவிட்டது. "அக்கா, இதை நல்லாப் பாருங்க" என்றாள்.

நூறு இழுத்திருந்தேன்.

போட்டிருந்தால் மதியத்துக்குள் அவர் போயிருப்பார். அவரோ தன் பேரன் நடக்க ஆரம்பித்த கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார், கையை நீட்டிக்கொண்டு.

நான் தூங்கவில்லை அக்கா. அழுதுகொண்டிருக்கவில்லை. அந்த நிமிஷம் மிளகைக்கூட நினைக்கவில்லை. அளவுக் கோட்டைப் பார்த்தேன், பார்த்துத்தான் இழுத்தேன். பத்து என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் மேலிடத்தில் சொல்லத்தான் செய்தாள், சொல்ல வேண்டும். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இதுக்குத்தான் ரெண்டு பேர் வச்சிருக்கோம்" என்றார். திட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஊசி வேலை வேண்டாம் என்று மாற்றிவிட்டார். நான் மருந்து அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை வைத்து அழுதேன். மிளகுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று தெரியவில்லை. ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப ஓடியது. எனக்கு ஒரு வாயாடி இருந்தாள்.

இதனால் உன் புருஷனை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. என்னால் முடியாது. கேள்வி கேட்பேன் என்றும் சொல்லவில்லை. சும்மா எழுதுகிறேன்.

தங்கை


செப்டம்பர் 12

பாப்பா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ சாப்பிடுகிறாயா? சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே. அந்த வாயாடிக்கு நான் கும்பிட்டதாகச் சொல்.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன், அதன்படியே இருக்கிறேன். விசாரணை நாளன்று அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டு வருவார்கள். நான் உள்ளே வர மாட்டேன். என்னைப் பார்த்தால் மற்றவர்கள் மனம் கொதிக்கும் என்று போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். வெளியே மீசையின் காரில் உட்கார்ந்திருப்பேன். நீ அந்த வழியாக வந்தால் என்னிடம் நிற்க வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போ, நான் தப்பாக நினைக்க மாட்டேன். நீ நின்றால்தான் என்னால் தாங்க முடியாது.

அங்கே அவர் என்ன பேசினாலும் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்ல மாட்டார். ஜாமீனில் வீட்டுக்கு வந்ததிலிருந்து உப்பு வேண்டும் என்பதைக்கூடச் சொல்வதில்லை.

அக்கா


செப்டம்பர் 28

அக்கா,

காரில் நீ இருந்ததைப் பார்த்தேன். நிற்காமல் போனேன். நரைத்துவிட்டாய்.

அவர் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தாய். அதனால் நான் சொல்கிறேன்.

பெரிய கூடம். மேடையில் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் ரயில்வேயின் பாதுகாப்புப் பொறியாளர், அவருக்கு இரண்டு வக்கீல். நடுவில் நாங்கள், போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் சீருடையில் ஓட்டுநர்கள். அத்தானை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கழுத்துப் பட்டன் போட்டிருந்தார், ஆனால் சட்டைக்குள் ஆள் இல்லை. அவ்வளவு இளைத்துவிட்டார். பலகை இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றார். பார்த்தீர்களா என்றார்கள். பார்க்கவில்லை என்றார். அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்த பெரியவர் மகனையும் மருமகளையும் பறிகொடுத்தவர். "முடிஞ்சது" என்று எழுந்துகொள்ளப் போனார்.

அப்போது நான் எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த காகிதம் கையில் இருந்தது, ஆனால் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"அந்த மில்லு புகைபோக்கியை இடிச்சாங்களே, அது ஓட்டுறவங்களுக்குத் தெரியுமாங்க?" என்றேன். அதற்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது ரயில்வேயின் அடையாளம் இல்லை என்று ரயில்வே வக்கீல் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மீசை எழுந்து நின்றிருந்தார். "சம்பந்தம் இருக்குங்க. நாங்க எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பிரேக் பிடிப்போம். அது போனதை அவன்கிட்ட நாங்க சொல்லலை" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். சிலர் எழவில்லை.

அதிகாரி என்னிடம், "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். எனக்கு எங்கள் வார்டுதான் கண்ணில் நின்றது. பொறியாளரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஐயா, ஓட்டுறவர் மயங்கிட்டா என்ன ஆகும்?"

"காலுக்குக் கீழ ஒரு மிதி இருக்கும்மா. அமுக்கிக்கிட்டே இருக்கணும். விட்டா வண்டி தானா நின்னுடும்."

"சிவப்பு விளக்கைப் பார்க்காமப் போயிட்டா?"

"அதுக்கும் கருவி இருக்கு. தானா பிரேக் பிடிக்கும்."

"சரிங்க. ஒரு மனுஷன் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். மிதியிலதான் கால் இருக்கு. விளக்கும் பச்சையாத்தான் இருக்கு. ஆனா இடம் தவறிப்போச்சு. வளைவு வந்தது தெரியலை. அப்ப வண்டியை யாரு பிடிப்பா?"

வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் வக்கீலின் கையை மெதுவாக விலக்கினார். வயதானவர்தான், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். என்னை நேராகப் பார்த்து, "யாரும் இல்லைம்மா" என்றார்.

அப்படி ஒரு கருவி உலகத்தில் இல்லையா என்றேன். இருக்கிறதாம். வேகம் மீறினால் அதுவாகவே குறைக்குமாம். இந்தப் பாதைக்கென்று வாங்கியும் வைத்திருந்தார்களாம். சிக்னல் உள்ள இடங்களுக்கு முதலில் வைத்துவிட்டு, வளைவுகளுக்கு அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று விட்டார்களாம். "விட்டுட்டோம்மா" என்றுதான் சொன்னார். அடுத்த மாதம் அந்த வளைவில் வைத்துவிடுவார்களாம். கூடத்தில் யாரோ ஓவென்று அழுதார்கள்.

அப்போதுதான் அத்தான் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பையன் போலத் தூக்கிக்கொண்டே இருந்தார், அதிகாரி கவனிக்கும்வரை. மைக்கைக் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். பொறியாளரைப் பார்த்துச் சொன்னார். "யாரும் இல்லைன்னு சொல்லாதீங்க ஐயா. நான் இருந்தேன். வண்டியைப் பிடிக்க வேண்டியவன் நான் அங்க இருந்தேன்."

இதைக் கேட்கத்தான் நான் இத்தனை மாதம் உயிரோடு இருந்தேன். கேட்டுவிட்டேன். ஒன்றும் ஆறவில்லை அக்கா. அவரை அந்த நாற்காலியோடு அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. எங்கள் பக்கத்து வக்கீலைக் கேட்டேன், எல்லாப் பழியும் அவர் மேல் விழாது, ஆனால் தண்டனை இல்லாமல் போகாது என்றார். உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. அவரை மன்னிக்க என்னால் முடியுமா என்றும் தெரியாது. முடியாமலே போகலாம். நீ அதற்காகக் காத்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவரை வேறு அறைக்குப் போகச் சொல்லாதே, அது அவர் வீடு. என்னிடம் மட்டும் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவை. நீயும் காபி, டிபன் என்று ஓடிக்கொண்டிருக்காதே. பக்கத்தில் வந்து உட்கார். அவள் போனதிலிருந்து நீ அங்கே தனியாக அழுகிறாய், நான் இங்கே தனியாக அழுகிறேன். நாம் சேர்ந்து ஒரு தடவைகூட அழவில்லை.

உன் பாப்பா